அம்மா தலையாட்டக் கூடாது

அம்மா இதுவரை தனியாகப் போன பெரிய பயணம், வீட்டிலிருந்து தையல் ஆலை வரைக்கும் பேருந்தில் ஒன்பது நிறுத்தம். அதிலும் பாதி வழி தூக்கம். அந்த அம்மா வருகிற வியாழக்கிழமை விமானம் ஏறி, கடல் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு பெரிய நகரத்துக்கு ஒற்றை ஆளாகப் போக வேண்டும்.

ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். காலில் அடி, மருத்துவமனையில் இருக்கிறார், வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் மூன்று நாள் வந்து பார்க்கலாம் என்று கம்பெனி கடிதம் போட்டிருந்தது. என்ன மாதிரி அடி என்று அதில் ஒரு வரிகூட இல்லை. விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றும் இருக்காது என்றார்கள். அப்படிச் சொல்லும்போது ஒருவரும் நண்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

நண்டு பத்து வயதுப் பெண். ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறாள் என்று அப்பா வைத்த பெயர் அது. இந்த வாரம் அவள் எங்கும் ஓடவில்லை. பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அம்மாவின் மூன்று நாளையும் மணி வாரியாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டு மாமா உதவிக்கு வந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். முன்பு அந்த நகரத்தில் நான்கு வருடம் வண்டி ஓட்டியவர். விமான நிலையத்தில் எந்த வாசல், சிவப்பு ரயிலில் எத்தனையாவது நிறுத்தம் என்று அவர் சொல்லச் சொல்ல நண்டு எழுதினாள்.

சனிக்கிழமை ஒத்திகை. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் மாமா விமான நிலைய அதிகாரியாக முறைப்பாக உட்கார்ந்தார். அம்மா பையோடு எதிரே நின்றாள். அந்த ஊர் மொழியில் மாமா மூன்று கேள்வி கேட்டார். அம்மா மூன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினாள்.

"என்ன கேட்டேன் தெரியுமா?" என்றார் மாமா. "யாராவது பொட்டலம் கொடுத்து விட்டாங்களான்னு கேட்டேன். அதுல என்ன இருக்குன்னு தெரியாதான்னு கேட்டேன். திரும்பி ஊருக்குப் போகவே மாட்டியான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஆமாம் போட்டுட்டே. நேரா ஜெயிலுக்குத்தான் போவே."

நண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

குற்றம் அம்மாவுடையது அல்ல. தையல் ஆலையில் நாற்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து கத்தினாலும் காதில் விழாது. யாராவது வாயசைத்தால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். பதினைந்து வருடமாக அம்மாவின் கழுத்துக்கு அதுதான் வேலை.

நண்டு நோட்டில் ரயில் நிறுத்தங்களுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதினாள்: அம்மா தலையாட்டக் கூடாது. பிறகு மாமாவிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டு வாங்கி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "எனக்குப் புரியவில்லை. என் மொழியில் சொல்லுங்கள்." அவ்வளவுதான். வேறு எதுவும் தெரிய வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் நண்டு திடீரென்று, மாமாவிடம் கற்றுக்கொண்டு வந்த அந்த ஊர் மொழியில் எதையாவது கேட்பாள். அம்மா தலையாட்டினால் கேட்டதைச் செய்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்படித்தான் திங்கட்கிழமை நண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாள். புதன்கிழமை அவள் இருபது தடவை கேட்டும் அம்மாவின் தலை அசையவில்லை.

வியாழக்கிழமை அம்மா கிளம்பிப் போனாள். துணைக்குச் சித்தி வந்து தங்கினாள். முதல் நாள் போனில், வந்து சேர்ந்துவிட்டேன், அப்பாவுக்கு ஜுரம், அதிகம் பேசவில்லை என்று மட்டும் சொன்னாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் மறுபடி பேசினாள். கம்பெனி ஆள் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினாராம். அம்மாவுக்குக் கழுத்து பாதி குனிந்துவிட்டதாம். சமாளித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் சத்தமாகச் சொன்னார். அம்மாவும் சத்தமாகச் சொன்னாள். ஐந்தாம் தடவை, தரை துடைத்துக்கொண்டிருந்த நம் மொழிக்காரப் பெண் ஒருத்தி வந்து காகிதத்தைப் படித்துச் சொன்னாள். அப்பாவை நாங்களே விரும்பி நாளைக்கே ஊருக்கு அழைத்துப் போகிறோம், அதன் பிறகு என்ன ஆனாலும் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருந்தது.

அம்மா அதில் கையெழுத்துப் போடவில்லை. அப்பா ஜுரத்தில் நினைவு தப்பிக் கிடக்க, அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். இந்த நிலைமையில் விமானம் ஏற்றினால் உயிர் தங்காது, காலில் விஷம் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர்.

"அதுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன், நண்டு," என்றாள் அம்மா. "அப்பா காலை எடுக்கச் சொல்லி நானே போட்டேன்."

நண்டு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டுதானே போட்டே?"

"ஆமா."

"அப்போ சரிதாம்மா. அப்பா முழிச்சதும் நீயே சொல்லிடு. ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லாதே."

போனை வைத்துவிட்டு நண்டு அழுதாள். சித்தியும் சேர்ந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் நண்டு வெளியே போய்ப் படிக்கட்டின் உச்சியில் நின்றாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எண்ணிக்கொண்டே இறங்கினாள். ஐம்பத்தொரு படி.

கீழ்வீட்டு மாமா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நண்டு சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"மாமா, அப்பாவுக்கு ஒரு கால் எடுக்கப் போறாங்க. இனிமே மூணு மாடி ஏற முடியாது. நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுங்க. நாங்க இங்க வந்துடறோம்."

மாமா சட்டையைக் கையில் பிடித்தபடி கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிக்கட்டை மேலே வரைக்கும் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல காத்து வருமா?"

"நல்லா வரும் மாமா."

"அப்போ வா," என்று எழுந்தார் மாமா. "கட்டிலோட அந்தப் பக்கத்தை நீ பிடி."