பொட்டு வைத்த ரயில் இஞ்சின்

அந்தச் சனிக்கிழமை மாலை புக்கிட் பெருவாங் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். லோரி ஓட்டும் கோகுலராஜ், அவர் மனைவி மோகனா, பதினொரு வயது மகள் ராகினி, ஏழு வயது மகன் திலீபன், ஆயுத பூஜைக்காக லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து வந்திருந்த கோகுலராஜின் அக்கா பாக்கியலட்சுமி. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

டியூஷன் முடிந்து வந்த ராகினி, செருப்பைக் கழற்றும்போதே சாமி மேடையைப் பார்த்தாள். அதன் முன்னே அம்மாவின் தையல் மிஷின், திலீபனின் சைக்கிள், மிக்சி, அப்பாவின் லோரிச் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பளபளவென்று மின்னின.

வரிசையின் கடைசியில் ராகினியின் பொம்மை ரயில் இஞ்சின் நின்றது. அதுவும் மின்னியது.

அந்த இஞ்சின் மின்னவே கூடாது!

உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான அந்தக் கறுப்பு நீராவி இஞ்சினுக்கு அவள்தான் வண்ணம் பூசினாள். பிறகு அதைப் பழசாக்கினாள். பழுப்புச் சாக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கி, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டுத் துரு வைத்தாள். புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியவைத்தாள். பார்ப்பவர்களுக்கு, பல வருடம் மழையிலும் வெயிலிலும் ஓடிய நிஜ இஞ்சின் போலவே தெரியும். தூள் உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் அடிக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. மறுநாள் ஆயர் குரோ மண்டபத்தில் பொம்மை ரயில் போட்டி.

"யாரு... யாரு இதக் கழுவுனா?"

"நாந்தாம்மா!" என்று சமையலறையிலிருந்து பெருமையாக வந்தார் பாக்கியலட்சுமி அத்தை. "எலுமிச்சந்தோலு போட்டு, பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சேன். சோப்புகூடப் போடல. எவ்ளோ அழுக்கு! தண்ணி கோப்பி மாதிரி ஓடுச்சு."

"அத்தே, அது அழுக்கு இல்ல," என்றான் திலீபன். "அக்கா கஷ்டப்பட்டுப் பூசுன அழுக்கு!"

"அழுக்க யாராச்சும் காசு குடுத்து வாங்கிப் பூசுவாங்களாடா?"

"அக்கா பூசுவா லா!"

"கிண்ணத்துல மிச்சம் வச்சிருந்த சாக்கட்டித் தூளு எங்கத்தே?" என்று மெதுவாகக் கேட்டாள் ராகினி.

"அந்த மண்ணா? அதையும் சிங்க்ல கொட்டிக் கழுவிட்டேனே!"

கோகுலராஜ் தலையில் கை வைத்தார். "அக்கா, அது மண்ணு இல்லக்கா. நாளைக்குப் போட்டி. பழைய இஞ்சின் மாதிரி யாரு செய்யறாங்கன்னுதான் பாப்பாங்க."

பாக்கியலட்சுமி தலை நிமிர்ந்தே நடப்பவர். தம்பி வீட்டில் ஒரு டம்ளரில்கூடக் கறை இருக்கவிட மாட்டார். அவர் முகம் சட்டென்று சிவந்தது.

"நாலு பேரு கூடுற எடத்துக்கு நம்ம வீட்டுப் பொண்ணு துருப்புடிச்ச சாமானத் தூக்கிட்டுப் போனா நமக்குத்தானே அசிங்கம்னு நெனச்சேன்," என்றார். அறைக்குள் போய்ப் பையில் துணியை அடுக்க ஆரம்பித்தார்.

"அண்ணி, என்ன இது? பூஜ இன்னும் முடியல!" என்று மோகனா பின்னாலேயே ஓடினார்.

"நான் பஸ் ஏறுறேன் மோகனா. புள்ள மொகத்த என்னால பாக்க முடியல."

ராகினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இஞ்சினை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மூக்கில் பெரிய குங்குமப் பொட்டோடு அது அவளைப் பார்த்து இளிப்பது போல இருந்தது. கோபமாகத் திருப்பினாள். அடிப்பக்கம் தெரிந்தது.

அடியில் பிரஷ் போகவில்லை! சக்கரங்களில் துரு அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது.

ராகினி நிமிர்ந்து பார்த்தாள். தெருவோரம் அப்பாவின் லோரி நின்றது. நெற்றியில் சந்தனம், மூக்கில் மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். மேலே கண்ணாடிபோல மினுமினுப்பு. அடியில் மட்டும் வழக்கமான சேறு.

"அப்பா! நம்ம லோரி வருசம் பூரா அழுக்கு. ஆனா இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மேல சுத்தமா இருக்குல்ல?"

"ஆமா. அடியில யாரு படுத்துக் கழுவுறது?" என்றார் பின்னாலேயே வந்த கோகுலராஜ்.

ராகினி உள்ளே ஓடி, அத்தையின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, போவாதீங்க! என் இஞ்சினுக்கு இன்னிக்கு ஆயுத பூஜ. பூஜ போட்ட இஞ்சினாவே நாளைக்குப் போட்டிக்குப் போவுது. ஆனா பாதிதான் ஆயிருக்கு. மாலை இல்ல, எலுமிச்சம்பழம் இல்ல. இப்படியே விட்டுட்டுப் போனா பூஜ எப்படி முடியும்?"

அத்தை திரும்பினார். "மாலை இல்லாம பூஜையா?" என்றார். பை கட்டிலுக்குக் கீழே போனது.

அப்புறம் வேலை மும்முரமாக நடந்தது. இஞ்சின் நிற்க ஒரு பலகையில் தண்டவாளத்தை ஒட்டினாள் ராகினி. மஞ்சள் நூலைத் துண்டு துண்டாக வெட்டி அத்தை மாலை கட்டினார். அது சுண்டுவிரலுக்குக்கூடப் போதாது.

"பொட்டு ரொம்பப் பெருசு. இஞ்சின் மூஞ்சியே தெரியல," என்று சொல்லி, அதைத் துடைத்துவிட்டு ஊசி முனையால் புதிதாக வைத்தார்.

"எலுமிச்சம்பழத்துக்கு எங்க போறது?" என்றான் திலீபன்.

ராகினி சமையலறை டப்பாவிலிருந்து பச்சைப்பயறு கொண்டுவந்தாள். சக்கரத்துக்கு ஒன்று. அச்சு அசல் எலுமிச்சம்பழம்!

கழுவிய தண்ணீர் தேங்கி நிற்பது போலக் காட்ட, தண்டவாளத்தின் ஓரம் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். காய்ந்ததும் அது தண்ணீர் போலவே மின்னியது. பற்பசை மூடி வாளியானது. அதன் பக்கத்தில், பெட்டியிலிருந்த ஒரு குட்டிப் பொம்மைக்குப் பச்சைக் காகிதத்தில் சேலை சுற்றி நிறுத்தினாள்.

"இது யாரு?" என்றார் அத்தை.

"இஞ்சினக் கழுவுனவங்க."

அத்தை குனிந்து உற்றுப் பார்த்தார். "நான் எங்கடி இவ்ளோ ஒல்லி?" என்றார். வீடே சிரித்தது. அத்தையும்தான்.

மறுநாள் ஆயர் குரோ மண்டபத்தில், துருப்பிடித்த இஞ்சின்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பொட்டு வைத்து நின்றது. நடுவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "மேலே சுத்தம், கீழே அழுக்கு. ஏன் இப்படி?" என்று மலாயில் கேட்டார்.

"வருசம் பூராவும் உழைச்ச இஞ்சினுக்கு இன்னிக்குப் பூஜை," என்று ராகினி மலாயில் விளக்கத் தொடங்கினாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த மலாயில் குறுக்கே புகுந்தார். "அடியில கை போவல லா!"

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து சக்கரத்தடியில் இருந்த பச்சைப்பயறைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

ராகினிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, தலை முதல் கால் வரை துருவேறிய ஓர் இஞ்சினுக்கு. அதன் அருகே போன அத்தையின் விரல்கள் துறுதுறுத்தன.

"பாவம், இதையும் யாராச்சும் ஒரு தடவ..."

"அத்தே!" என்று அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள் ராகினி.

பாக்கியலட்சுமி சோப்புப் போட்டுக் கழுவித் தம்பி மகளின் ரயிலைக் கெடுத்துவிட்டார் என்று லூபோக் சீனாவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவர் எதையும் கெடுக்கவில்லை. பூஜைக்கு இஞ்சினைக் குளிப்பாட்டினார். சோப்பும் போடவில்லை. எலுமிச்சந்தோல்தான்.