மேலே தூங்குகிறான்

"அவசரம் ஏன் இப்பல்லாம் இவ்வளவு மெதுவா நடக்கிறான்?" என்று அப்பா கேட்டார்.

பாலில் ஊறிய ரொட்டியை அவர் வாயருகே கொண்டுபோன அவள் கை அப்படியே நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம், சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம், தெருவில் கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டரை யாரோ விடாமல் உதைத்துக்கொண்டிருக்கும் சத்தம், இவ்வளவுதான் கேட்டது. மாடியில் ஒன்றுமில்லை. மாடி அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்திருப்பவளே அவள்தான்.

"களைப்பா இருப்பான்பா. வாயைத் திறங்க."

"நடந்துக்கிட்டே இருக்கான். கொஞ்சம் உக்காரச் சொல்லு."

அவசரம் என்பது அவளுடைய தம்பி. தெருவே சேர்ந்து அவனுக்கு வைத்த பெயர் அது. குறைமாதத்தில் பிறந்தவன். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பான், ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றைத் தெருவிலும் மாட்டுவான், படிகளைத் தாவித்தாவித்தான் ஏறுவான். பள்ளிக்கூட வேன் ஓட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் ஆமையாகிவிடுவான். கேட்டால், "உள்ள இருக்கிறதெல்லாம் கண்ணாடிப் பாத்திரம்க்கா" என்பான். சாவதற்கும் அவன் வரிசையில் நிற்கவில்லை. "வெறும் காய்ச்சல்தான்க்கா, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறியவன், அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். மூச்சுக்குழாய் வைப்பதற்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அதிலிருந்து அவன் கண் விழிக்கவே இல்லை. அப்பா தாங்கமாட்டார் என்று, உடலை வீட்டுக்குக் கொண்டுவராமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எடுத்துப்போய் முடித்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு ஞாபகம் தங்குவதில்லை. காலையில் சொன்னது மதியம் இருக்காது. முதல் சில நாள் அவரைச் சித்தி வீட்டில் வைத்திருந்தார்கள். அங்கே அவள் உண்மையைத்தான் சொன்னாள். "அவசரம் எங்கே?" என்பார். சொல்வாள். மார்பில் அறைந்துகொண்டு கதறுவார். ஓய்ந்து தூங்கி எழுந்ததும், "அவசரம் எங்கே?" என்பார். மறுபடியும் முதலிலிருந்து. ஒரே மகனை ஒரு மனிதர் எத்தனை முறைதான் இழப்பது? அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை.

குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனி ஒன்றில், புகார் சொல்ல அழைப்பவர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது அவள் வேலை. மெக்கானிக்கே இல்லாத நாளிலும், "ஆள் கிளம்பிட்டாரு சார், வந்துக்கிட்டே இருக்காரு" என்று தேன் ஒழுகச் சொல்வாள். கத்துகிறவர்கள் அடங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் வீட்டிலும் கைகொடுத்தது. அப்பாவைத் திரும்ப அழைத்து வந்த அன்று, வாசலைத் தாண்டும்போதே அவர் கேட்டார். அவளும் யோசிக்காமல் சொன்னாள்.

"வந்துட்டான்பா. மேல தூங்குறான்."

அப்பாவின் முகம் தெளிந்தது. "சரி சரி, எழுப்பாதே" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுவே வாடிக்கையாகிவிட்டது. சுவரில் படம் மாட்டவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பிவைத்தாள். அழுகை வந்தால் பஸ்ஸிலோ அலுவலகக் கழிவறையிலோ அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிரை நினைத்துக்கொள்ள அவன் வாழ்ந்த வீட்டிலேயே ஒரு மூலை கிடைக்கவில்லை. தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு அவளுக்கு.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். வேலைக்குப் புதிது. வாய்தவறி எதையாவது உளறிவிடக் கூடாது என்று அவரிடமும் அதே பொய்யைத்தான் சொல்லிவைத்திருந்தாள். தம்பிக்கு இரவு வேலை, பகலில் மேலே தூங்குவான், தொந்தரவு செய்ய வேண்டாம்.

அவசரத்தின் நடையைப் பற்றி அப்பா கேட்டதற்கு மறுநாள் மாலை, அவள் வேலையிலிருந்து திரும்பியபோது மழை பிடித்திருந்தது. அந்த அம்மா குடையை விரித்துக்கொண்டு வாசலில் தயங்கினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. உங்க தம்பியை நல்ல டாக்டரா பார்த்துக் காட்டுங்க. அந்த இருமல் நல்லாவே இல்ல."

"இருமலா?"

"மத்தியானம் பூரா. தண்ணி தண்ணின்னு வேற கேட்டாரு, பாவம். நான் முழுசா மேல ஏறல. எட்டி மேல்படியில டம்ளரை வெச்சிட்டு வந்துட்டேன்."

"சரிங்கம்மா, பார்க்கிறேன்" என்றாள்.

அவர் போன பிறகு மாடிப்படியின் கீழே நெடுநேரம் நின்றாள். மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாசனையும், அதற்கு அடியில் பல நாள் காய்ச்சலில் கிடந்தவனின் போர்வையில் வருமே அந்தப் புளித்த வியர்வை வாசனையும், அதற்கும் அடியில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் மருந்தின் நெடியும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகளில் இறங்கி வந்து அவள் மூக்கைத் தொட்டன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

டம்ளர் மேல்படியில் இருந்தது. காலி. கதவில் பூட்டு பூட்டியபடி தொங்கியது. உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். மரம் சுட்டது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கணம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "இருக்கியாடா?" என்று கேட்க வாயெடுத்தாள். அப்போது உள்ளே ஏதோ ஒன்று நடந்து வந்தது. ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்து. மறுபடி ஊன்றி. தாவி ஓடுகிறவனின் நடை இல்லை அது.

இருமியது. கதவுக்கு அந்தப் பக்கம். அவள் கைக்கு நேரே.

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வந்த பிறகுதான் உறைத்தது. மயக்கத்திலேயே போனவன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இங்கே யாரும் அழவில்லை. அவன் இல்லை என்ற பேச்சு இந்த வீட்டுக்குள் ஒருமுறைகூட எழவில்லை. நாள்தோறும் இங்கே சொல்லப்பட்டது ஒன்றுதான். வந்துவிட்டான். மேலே தூங்குகிறான்.

அவன் செத்துவிட்டதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

சொல்லிவிட வேண்டும். சத்தமாக. அப்பா கதறுவார். கதறட்டும், அவன் போய்விடுவான். போகட்டும். இப்படியே மேலே நடந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட அவளால் முடியாது.

கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, கேளுங்க. அவசரம் மேல இல்ல. செத்துப்போயிட்டான்பா. காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டான்."

மாடிக்கும் கேட்கும்படி சொன்னாள். சொன்னதும் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அழுகையும்.

அப்பா அழவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியை.

மேலே பூட்டு கழன்று தரையில் விழுந்தது.

ஒரு படி. இழுப்பு. ஒரு படி. இழுப்பு.

நின்றது.

"யாருக்கா?"

அவன் குரல்தான். குழாய் கிழித்த தொண்டை.

"யாருக்கா செத்துப்போனது?"

அவள் திரும்பவில்லை. நீதான்டா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குரல் நடுங்கியது. அவளைவிட அவனுக்குத்தான் பயம் அதிகம்.

"யாருமில்லடா." அவள் வாய் தானாகச் சொன்னது. வேலையில் வருகிற அதே இதமான குரல். "நீ போய்த் தூங்கு."

"தூக்கம் வரலக்கா."

பிடரியில் அனல் அடித்தது.

"கீழேயே படுத்துக்கிறேன்."

அப்பா சிரித்தார். உடம்பை மெல்ல மெல்ல நகர்த்தி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கட்டிலில் இடம் விட்டார். காலியாக இருந்த அந்தப் பக்கத்தில், மெத்தை மெதுவாக, ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியது.