கண்ணாடி இறக்காத கறுப்பு லான்சர்

"மிஸ்ஸி, என் வண்டியக் கொன்னுட்டாங்க!"

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜெயகாந்தன் வாசலில் நின்று இப்படிக் கத்தியபோது சீதாலட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்துக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் மருத்துவச்சி. எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'. பிள்ளைப்பேற்றுக்குத் தேடி வந்த சனம், பிறகு காணாமல் போன கோழிக்கும் களவு போன தோட்டுக்கும் அவரையே தேடி வர ஆரம்பித்தது. மிஸ்ஸி யாரையும் அதட்ட மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவுக்குத்தான் ஆட்கள் பயந்தார்கள்.

"யாரு? எப்ப? என்னத்தால?" என்று பாய்ந்து கேட்டவர் மக்கீன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றுக்கும் மிஸ்ஸியைக் கொண்டுபோய் இறக்கும் த்ரீவீல்காரர். நாற்பத்தைந்து வயதாகியும் தன்னைப் பாதிப் பொலிஸ் என்று நம்பிக்கொண்டிருக்கும் நல்ல மனுஷன்.

"ரப்பர் பால ஊத்தி வச்சிருக்காங்க மக்கீன் அண்ணே. வண்டி முழுக்க! யாருன்னும் எனக்குத் தெரியும். எம் மாமனாராகப் போறவருதான். கிருஷ்ணராஜ். பால் ஸ்டோர் சாவி அவருகிட்டதான் இருக்கு. ரெண்டு நாளா என்னையும் வண்டியையும் திட்டிக்கிட்டுத் திரியிறாரு. அவரு வந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை கல்யாணமே வேணாம்."

தேங்காய்த் துருவல் அப்படியே நின்றது. அந்தக் கல்யாணத்துக்காக மணப்பெண் லோஜினி நாலு வருஷம் காத்திருந்தது மிஸ்ஸிக்குத் தெரியும்.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். டவுனில் டயர் கடையில் வேலை செய்யும் ஜெயகாந்தன், போன வருஷம், அதாவது 2004இல், ஒரு பழைய லான்சரை வாங்கி, உடம்பு, பம்பர், சக்கரச் சில்லு, கைபிடி என்று எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்தான். கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. வெளியே நின்று பார்த்தால் நம் முகம்தான் தெரியும். கிழமை நாட்களில் அவன் பஸ்ஸில் வேலைக்குப் போவான். வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். தோட்டத்தில் சாமி இல்லை என்பவன்கூட இருந்தான், அந்த வண்டியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவன் இல்லை.

லயத்துக் கடைசியில், பலாமரத்தடியில், லான்சர் மஞ்சள் பூத்த வெள்ளையாக நின்றது. பால் காய்ந்து தோலாகியிருந்தது. ஜெயகாந்தன் ஆத்திரத்தில் டிரைவர் பக்கத்துக் கதவில் மட்டும் உரித்திருந்தான். அடியில் பெயின்ட் பளபளவென்று இருந்தது.

"மிச்சத்தத் தொடாதே" என்றார் மிஸ்ஸி.

அவர் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். எல்லா இடத்திலும் பால் வாளியால் வீசினபடி மெல்லிசாகப் படிந்திருந்தது. இடது பின்கதவில் மட்டும் இரண்டு பூச்சு. விரலால் தடவின கோடுகளும் தெரிந்தன. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மிஸ்ஸி ஐந்தடிகூட இல்லை. ஆனாலும் கால் இரண்டும் சுகமாகப் பெடலில் போய் நின்றன. ஆறடி ஜெயகாந்தனை உட்காரச் சொன்னபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்ட இழுத்து வெளையாடியிருக்கானுங்க மிஸ்ஸி!"

"பூட்டியிருந்த வண்டியிலயா? சாவி எங்க இருக்கும்?"

"ஒண்ணு என்கிட்ட. மத்தது வீட்டுல, சாமி படத்துக்குப் பின்னால."

இடது பக்கத்து முன்சீட்டுக்குக் கீழே விரிப்பில், ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் வட்டமாகத் தடங்கள் இருந்தன. மிஸ்ஸி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பத்தடி தள்ளி, வீட்டு வாசலில், ஜெயகாந்தனின் அப்பா நாகலிங்கம் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து லொறி ஓட்டினவர். இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்தில் அம்மா மருதாயி, பால் வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியப் பத்தி என்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"பொணவண்டி" என்றார் நாகலிங்கம். "நா அதுல ஒரு நாளும் கால் வச்சதில்ல."

"நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகுமா மிஸ்ஸி?" என்றாள் மருதாயி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை மக்கீன் த்ரீவீலைக் கிளப்பும்போதே வழக்கை முடித்துவிட்டார். "கிருஷ்ணராஜ்தான். சரி, நேரா போய்ப் புடிப்போம்."

"மொதல்ல தேத்தண்ணி குடிப்போம்" என்றார் மிஸ்ஸி.

தேத்தண்ணிக் கடை ஹுஸைனிடமும் வண்டியைப் பற்றி அதே கேள்விதான். அவர் பொரிந்து தள்ளினார். "வண்டி வந்த நாள்ல இருந்து அந்தப் பயலுக்குத் தலக்கனம் மிஸ்ஸி! போன செவ்வாக்கெழமை பத்து மணிக்கு இந்த வழியாப் போறான். நான் கூப்புடுறேன், கண்ணாடிய எறக்கல. நடந்து போறவன் முந்திப் போயிருவான், அவ்வளவு மெதுவா ஊர்வலம் போறான். எல்லாருக்கும் காட்டணுமாம்!"

ஸ்டோரில் கிருஷ்ணராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "நான் ஊத்தல. சாமி சத்தியம். திட்டினது உண்மை. ஏன் திட்டினேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை ஒரு தடவ, திங்கக்கிழமை ஒரு தடவ, பத்து மணி போல இந்த வாசல்ல போனான். நான் கைய தூக்கினேன். பொண்ணு குடுக்கப் போற மனுஷன் கை தூக்குறேன், கண்ணாடிய எறக்கி ஒரு சிரிப்பு இல்ல. என் மகள அங்க அனுப்பி என்னா ஆகப் போகுதோன்னு எனக்கு மூணு நாளாத் தூக்கமில்ல."

மக்கீன் மிஸ்ஸியின் காதருகே குனிந்தார். "காரணம் கெடச்சிருச்சு!"

"ஆமா, கெடச்சிருச்சு" என்றார் மிஸ்ஸி. "எல்லாரையும் மத்தியானம் பலாமரத்தடிக்கு வரச் சொல்லுங்க."

மத்தியானம் ஐந்து பேர் வந்து நின்றார்கள். லீவு போட்டிருந்த ஜெயகாந்தன் மாமனாரைப் பார்க்கவில்லை. அவர் இவனைப் பார்க்கவில்லை. நாகலிங்கம் கம்பின் மேல் சாய்ந்து நின்றார். மருதாயி அவருக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாள். மக்கீன் யாரும் ஓடிவிடாதபடி கையை விரித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளி, திங்க, செவ்வா பத்து மணிக்கு நீ எங்க இருந்த தம்பி?" என்றார் மிஸ்ஸி.

"டயர் கடையில. வேற எங்க?"

"அப்ப வண்டிய ஓட்டினது யாரு?"

கிருஷ்ணராஜின் வாய் திறந்தது.

"வண்டியப் பாத்தவங்க எல்லாரும் ஒன்னையப் பாத்ததா நெனச்சிட்டாங்க. உள்ள யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஓட்டினவங்க உயரம் கொறவு. சீட்டு முன்னுக்கு வந்திருக்கு. ஓட்டிப் பழக்கமில்ல, அதனாலதான் ஊர்வலம். வீட்டுச் சாவி கைக்கு எட்டுற ஆளு. தோட்டத்துல பத்து மணிக்கு வீட்டுல இருக்கக்கூடியது யாரு? களை எடுக்கிறவங்க இல்ல, ஸ்டோர்காரங்க இல்ல. மரத்துல பால் வெட்டி முடிச்சு, அது வடியட்டும்னு வந்து சோறு திங்கிறவங்க. பதினொரு மணிக்குத் திரும்பிப் போயி வாளியில பால் எடுக்கிறவங்க."

மக்கீனின் விரித்த கை மெதுவாக இறங்கியது.

"கெடுக்க நெனச்சவன் இந்தப் பாலையா ஊத்துவான்? ஸ்டோர்ல அசிட் இருக்கு, கையில கத்தி இருக்கு. பால் காஞ்சா உரிஞ்சு வந்திரும்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். இது கெடுக்க ஊத்தினதில்ல, மறைக்க ஊத்தினது. கத்தி ஆழமாப் போயி மரத்துல காயம் பட்டா, கங்காணி வர்றதுக்கு முந்திப் பாலையும் மண்ணையும் அப்பி மூடுவாங்கல்ல? அதே கைப்பழக்கம். காயம் மட்டும் மூடினா கண்ணுக்குப் படும்னு வண்டி முழுக்க ஊத்தியாச்சு."

மிஸ்ஸி இடது பின்கதவின் தடித்த தோலை நுனியில் பிடித்து இழுத்தார். அடியில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அதில் ரோட்டுச் சிறுபாலமான போக்கின் கட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அம்மா?" என்றான் ஜெயகாந்தன். "நீயா? கார் ஓட்டினியா?"

மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நேத்து போக்குக்கிட்ட திருப்பத் தெரியல ராசா. பயந்துட்டேன். யாரோ பொடியன்க செஞ்சதுன்னு நீ நெனச்சு விட்டிருவேன்னு பாத்தேன். நீ சம்மந்தியப் புடிப்பேன்னு நான் கண்டேனா? கல்யாணத்தயே நிறுத்துறேன்னு குதிச்சப்ப எனக்கு நாக்கு எழும்பல."

"அவள ஏசாத" என்றார் நாகலிங்கம். "பக்கத்து சீட்டுல ஒக்காந்து சொல்லிக் குடுத்தது நான்."

விரிப்பிலிருந்த வட்டத் தடங்களுக்கு மிஸ்ஸி விளக்கம் சொல்லவில்லை. கிழவரின் கம்பு நுனியை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"முப்பத்தொரு வருஷம் லொறி ஓட்டினேன். பொம்பளைங்கள முன்னுக்கு ஏத்தக்கூடாதுன்னு தொர சட்டம். இவ பின்னால பால் பீப்பாயோட நின்னுதான் வருவா. இப்ப கை கால் விழுந்திருச்சு. வெளிய நாலடி நடந்தா போதும், ஐயோ பாவம் நாகலிங்கம், ஐயோ பாவம்னு தோட்டமே நின்னு பாக்குது. எனக்கு அது தாங்கல தம்பி. ஒன் வண்டிக்குள்ள ஒக்காந்தா ஒருத்தருக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு ரோட்டப் பாத்துக்கிட்டுப் போவேன். இவ ஓட்டுவா. வெளிய சொன்னா நீ சாவிய எடுத்து ஒளிச்சிருவேன்னுதான் பொணவண்டி பொணவண்டின்னு வாயால திட்டுனது."

ஜெயகாந்தன் கிருஷ்ணராஜிடம் போனான். என்னென்னவோ சொல்ல நினைத்து, "மன்னிச்சிருங்க மாமா" என்று மட்டும் சொன்னான். கிருஷ்ணராஜ் அவனைத் தாண்டி இரண்டடி வைத்தார். நாகலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் இனித் தேறுமா தேறாதா என்று மக்கீனுக்குப் பிடிபடவில்லை.

"சம்மந்தி" என்றார் கிருஷ்ணராஜ் கடைசியில். "ஸ்டோர் வாசல்ல நான் கைய தூக்கினது ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா?"

"நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றார் நாகலிங்கம். "ரெண்டு தடவையும் நானும் தூக்கினேன். இந்தக் கையால."

இடது கை இலேசாக எழும்பிக் காட்டிற்று. கிருஷ்ணராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு ஜெயகாந்தன் பக்கம் திரும்பினார்.

"என்னா மாப்புள்ள பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மிச்சத்தயும் உரிங்க. மூணு நாள்தான் இருக்கு."