எழுத்தைத் தின்ற கம்ப்யூட்டர்

காலை 10.05.

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் எழுத்துகளைத் தின்றுகொண்டிருந்தது.

அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்திருந்தாள். கீபோர்டில் ஒரு விரல்கூட இல்லை. ஆனாலும் திரையில் கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தையது மறைந்தது. பிறகு வரி வரியாக, பத்தி பத்தியாக, அடியிலிருந்து மேல்நோக்கி எல்லாம் காணாமல் போயின.

“டீச்சர்! ஓடி வாங்க! போகுது, எல்லாம் போகுது!”

டீச்சர் கீழே பிரிண்டருக்குத் தாள் எடுக்கப் போயிருந்தார். படிகளில் தாவி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றபோது ஃபைலே மூடப்பட்டிருந்தது.

“என்னம்மா செஞ்சீங்க?”

“நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் டீச்சர். சேவ் பண்ணேன். மூடினேன்.”

எதிரே கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘எது நடந்தாலும் பதற வேண்டாம். முதலில் சேவ் செய்யவும். பிறகு மூடவும்.’ டீச்சர் தன் கைப்பட எழுதியதுதான். மூடாமல் விட்டிருந்தால் இரண்டே பொத்தானில் அத்தனையையும் திரும்ப வரவழைத்திருக்கலாம். இந்த மகராசி வெறும் தாளைச் சேவ் செய்து பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டாள்.

அது நூலகத்தின் மாடி. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பெரியவர்களுக்கு அங்கே காலை வகுப்பு. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஜன்னலோரம் ஒரு நீளப் பலகை. பலகையில் பழைய சாமான்களைப் போட்டுத் துணியால் மூடியிருந்தார்கள். மூன்றாம் நம்பர்காரியை வகுப்பில் எல்லாருமே ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான்காம் நம்பரில் உட்காரும் அவளுடைய நாத்தனார் அப்படிக் கூப்பிடப் போய், அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. நாத்தனாருக்கு வீட்டுப் பெயர் பாப்பா. வயது நாற்பதுக்கு மேல். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

காணாமல் போன இரண்டு பக்கத்துக்கு ஒரு கதை இருந்தது. கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்கு ஆள் தேவை. மேலாளரம்மா அண்ணியை நேரில் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் முடிஞ்சு போறவங்களுக்கான குறிப்பு இது. நீங்களே அழகா டைப் பண்ணி வைங்க. நான் வகுப்புக்கே வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்” என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாள் வருகிற நாள் இன்றைக்குத்தான். பதினோரு மணிக்கு.

“பேயும் இல்லை, பிசாசும் இல்லை!” என்று கத்தினான் அண்ணியின் கணவன். ஆள் பெயிண்டர். பெண்டாட்டி மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்து, அவள் டைப் அடிக்கும் அழகைப் பின்னாலிருந்து பார்த்துப் பூரித்து நின்றவன். இப்போது ஜன்னலோரப் பலகையில் வைத்திருந்த ஹெல்மெட்டை வெடுக்கென்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “இது பக்கத்து சீட்டு வேலை! என் பெண்டாட்டி வேலைக்குப் போறது இவளுக்குப் பிடிக்கலை!”

பாப்பா திரும்பினாள்.

டீச்சர் அதே கம்ப்யூட்டரில் புதுப் பக்கம் திறந்து நாலு வார்த்தை அடித்துப் பார்த்தார். சமர்த்தாக நின்றன. ஒரு எழுத்துகூட நகரவில்லை.

“யாரும் இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது!”

ஐந்தாம் நம்பரிலிருந்து வந்தது குரல். ரிட்டயர்டு ஏட்டையா. அரை மணி நேரமாக ஒரு ஃபோல்டரை டபுள் கிளிக் செய்து திறக்கப் போராடிக்கொண்டிருந்தவர். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் கொஞ்சம் அசடு வழிந்தார். “பழக்க தோஷம். மன்னிச்சுக்குங்க. ஆனா நிஜமாவே யாரும் போகாதீங்க.”

காலை 10.15.

ஏட்டையாவுக்குக் கம்ப்யூட்டர் சுத்த சூனியம். ஆனால் ஆட்களைக் கேள்வி கேட்பது கைவந்த கலை.

“அண்ணி, இந்த மாதிரி இதுக்கு முன்னாடி நடந்திருக்கா?”

“ரெண்டு தடவை ஐயா. போன வாரம் ஒரு நாள், இந்த வாரம் ஒரு நாள். நாலு வரி, அஞ்சு வரி போகும், அப்புறம் தானா நின்னுடும். என் கைதான் எங்கேயோ பட்டுடுச்சுன்னு நெனச்சு மறுபடி அடிச்சுக்கிட்டேன். சொன்னா சிரிப்பாங்களேன்னு சொல்லலை.”

“நேத்து?”

“நேத்து ஒண்ணும் ஆகலை. நேத்துதான் முழுசா முடிச்சேன். இன்னைக்குத் தலைப்பைப் பெருசாக்கிட்டு, கடைசி வரிக்குக் கீழே தேதி மட்டும் அடிக்கலாம்னு திறந்தேன்.” அவள் குரல் உடைந்தது. “எனக்கு யாரு ஐயா இந்த வயசுல வேலை கொடுப்பா? இது ஒண்ணுதான் வந்துச்சு.”

“அழாதீங்கம்மா. டீச்சர், நேத்து வகுப்பு முடிஞ்சப்புறம் இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட யாராவது போனாங்களா?”

டீச்சர் தயங்கினார். பாப்பாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“இவங்கதான். எல்லாரும் போனப்புறம் மூணாம் நம்பர்ல உக்காந்திருந்தாங்க. நான் உள்ளே வந்ததும் சட்டுனு எழுந்துட்டாங்க.”

“பார்த்தீங்களா!” பெயிண்டர் குதித்தான்.

“தம்பி, சும்மா இருங்க. பாப்பாம்மா, அங்கே என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலை.”

“ஒண்ணும் பண்ணாம எதுக்கு உக்காரணும்?”

“சும்மா.”

“அழிச்சீங்களா?”

“ஐயோ, இல்லை! அண்ணி மேல சத்தியமா இல்லை!”

“அப்ப என்னதான் பண்ணீங்க?”

பாப்பா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் கட்டிக்கொண்டு நின்றாள். முகம் மட்டும் நன்றாகச் சிவந்துபோயிருந்தது. இப்படி நின்ற எத்தனையோ பேரை ஏட்டையா அந்தக் காலத்தில் உள்ளே தள்ளியிருக்கிறார். அதில் ஒன்றிரண்டு பேர் நிரபராதி என்று பிறகு தெரிந்ததும் உண்டு.

பெயிண்டருக்குப் பொறுமை போய்விட்டது. “சோறு போட்டு வச்சிருக்கிறவ வயித்துல அடிச்சிட்டியே! கேட்டுக்கோ. சாயங்காலம் நான் வர்றப்போ நீ அந்த வீட்டுல இருக்கக் கூடாது.”

“என்னங்க பேசறீங்க!” என்றாள் அண்ணி. ஆனால் அவள் கண்ணும் ஒரு நொடி சந்தேகத்தோடு நாத்தனார் பக்கம் போய்த்தான் வந்தது. பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். அண்ணன் கத்தியதை விட அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

காலை 10.30.

ஏட்டையா முட்டி போட்டு மேஜைக்கு அடியில் நுழைந்தார். சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம் ஒரே ஒயர்க் காடு. தன் ஐந்தாம் நம்பர் பெட்டியையும் அதேபோல் எட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான், ஒன்றைத் தவிர. மூன்றாம் நம்பரின் பின்னால் நகத்தளவில் ஒரு கறுப்புத் துண்டு செருகியிருந்தது. அதிலிருந்து ஒயர் எதுவும் வெளியே வரவில்லை.

“டீச்சர், பெட்டிக்குப் பின்னாடி ஒயர் இல்லாம ஒரு கறுப்புத் துண்டு செருகியிருக்கே, இது என்ன?”

டீச்சர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கவனமெல்லாம் கடிகாரத்தில் இருந்தது. “அதுவா? ஒயர் இல்லாத மவுஸுக்கு வர்றது ஐயா. பெட்டிக்கும் மவுஸுக்கும் அதுதான் தொடர்பு.”

“ஓஹோ” என்றார் ஏட்டையா. வெளியே வந்து தலையில் ஒட்டிய ஒட்டடையைத் துடைத்தார். பிறகு அண்ணியின் மவுஸை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அதன் ஒயர் மேஜையில் நீளமாக வளைந்து கிடந்தது. கீபோர்டைத் தூக்கினார். அதிலும் ஒயர்.

நெற்றி சுருங்கியது. ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். நின்றார். மெதுவாகப் பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்க தினமும் இங்கே வருவீங்களா?”

“இல்லை. இந்தப் பக்கம் வேலை இருந்தா எட்டிப் பார்ப்பேன். போன வாரம் ஒரு தடவை தண்ணி பாட்டில் கொடுக்க வந்தேன். இந்த வாரம் ஒரு தடவை சாவி வாங்க. வந்த வேகத்துல போயிடுவேன்.”

“நேத்து?”

“நேத்து வரலை. இன்னைக்குத்தான் இவ முடிக்கிறதைக் கண்ணால பார்க்கணும்னு நின்னேன். எதுக்கு என்னைக் கேக்கறீங்க? அவளைக் கேளுங்க!”

“பாப்பாம்மா தினமும் வந்திருக்காங்க, நேத்தும் வந்திருக்காங்க. நேத்து எழுத்து போகலையே.” ஏட்டையா குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், மூணாம் நம்பர்ல பத்து வரி ஏதாவது அடிச்சு வைங்க. அண்ணி, கையை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. பாப்பாம்மா, நீங்க கதவுக்கு வெளியே போய் நில்லுங்க. தம்பி, நீங்க படிக்கட்டு வரைக்கும் போய், காலையில எப்படி வந்தீங்களோ அப்படியே திரும்ப வாங்க. ஒண்ணையும் விடக் கூடாது.”

“இது என்ன நாடகம்?”

“வந்துதான் பாருங்களேன்.”

பெயிண்டர் முணுமுணுத்துக்கொண்டே போனான். முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஹெல்மெட்டை ஜன்னலோரப் பலகையில் வைத்தான். மனைவிக்குப் பின்னால் போய் நின்றான்.

“ஐயோ!” என்று அண்ணி அலறினாள்.

கடைசி எழுத்து போனது. அதற்கு முந்தையது போனது. வரி தேய்ந்துகொண்டே வந்தது. டீச்சர் “அம்மாடி!” என்று பின்வாங்கினார். பெயிண்டரின் கை தானாக அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டது. கதவுக்கு வெளியே நின்ற பாப்பா மட்டும் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஏட்டையா நிதானமாக நடந்து போய் ஹெல்மெட்டைத் தூக்கினார்.

எழுத்து நின்றது.

வைத்தார், போனது. தூக்கினார், நின்றது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் இரண்டு தடவை வைத்து எடுத்துப் பார்த்தார். பிறகு பலகையின் மேலிருந்த துணியை விலக்கினார். அடியில் ஒயர் இல்லாத சின்னக் கீபோர்டு ஒன்று கிடந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். “கடவுளே! அண்ணியோட கீபோர்டு ரிப்பேர் ஆனப்போ இதைத்தான் கொடுத்தேன். புதுசு வந்ததும் இதைத் தூக்கி இங்கே போட்டேன். அந்தத் துண்டைப் பிடுங்க மறந்தே போயிட்டேன்!”

“அந்தத் துண்டு இன்னும் இதோட பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கு” என்றார் ஏட்டையா. “மவுஸுக்கு ஒயர் இருக்கு, கீபோர்டுக்கும் ஒயர் இருக்கு. அப்ப இந்த ஒயர் இல்லாத துண்டு யாரோடதுன்னுதான் நான் குழம்பினேன். இந்த மூலையில இருக்கிறது அழிக்கிற பொத்தான். தம்பியோட ஹெல்மெட் விளிம்பு சரியா அது மேல உக்காந்துடுது. வந்த வேகத்துல போன நாள்ல நாலு வரி போச்சு. இன்னைக்கு நின்னு ரசிச்சீங்க, ரெண்டு பக்கமும் போச்சு.” ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தார். “உங்க பெண்டாட்டி எழுத்தை அழிச்சது நீங்கதான் தம்பி.”

பெயிண்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல், கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

காலை 10.45.

குற்றவாளி கிடைத்தாயிற்று. போன எழுத்து போனதுதான். அண்ணி மேஜையில் தலை கவிழ்ந்தாள். “கால் மணி நேரத்துல ரெண்டு பக்கம் என்னால முடியாது. ஒவ்வொரு எழுத்தா தேடித்தானே அடிக்கிறேன்.”

கதவுப் பக்கமிருந்து மெல்லிய குரல் கேட்டது.

“அண்ணி, என்கிட்ட இருக்கு.”

பாப்பா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நான்காம் நம்பரில் உட்கார்ந்து ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். இரண்டு பக்கம், முழுசாக, நேற்று அண்ணி முடித்தபடியே இருந்தது.

“நேத்து டீச்சரோட பென் டிரைவ்ல காப்பி எடுத்து இதுல போட்டுக்கிட்டேன். கேக்காம எடுத்தது தப்புதான். அதைப் பார்த்துப் பார்த்து அடிச்சுப் பழகணும்னு நெனச்சேன். நானும் ஒரு நாள் எங்கேயாவது வேலைக்குப் போகலாம்ல? எத்தனை நாள்தான் அண்ணன் வீட்டுல உக்காந்து சாப்பிடறது? அதைச் சொன்னா, அண்ணிக்குப் போட்டியா வர்றேன்னு நெனப்பாங்களோன்னு பயந்துட்டேன். அண்ணன் கத்தினதும் திருடி மாதிரி ஆயிட்டேன். வாயே வரலை.”

அண்ணி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “உன்னைப் போய் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேனேடி. என்னை மன்னிச்சுடு.” இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். டீச்சர் மட்டும் அழ நேரமில்லாமல் பிரிண்டருக்கு ஓடினார்.

காலை 11.00.

மேலாளரம்மா நேரம் தவறாமல் வந்தார். தாளைக் கையில் வாங்கி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். அண்ணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“காப்பி எடுத்து வச்சதாலதான் தப்பிச்சீங்க. எங்க ஆபீஸ்லயே பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் கிடையாது” என்றார் அவர். “யாரு எடுத்து வச்சது?”

அண்ணி பாப்பாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “என் நாத்தனார்.”

“அடுத்த மாசம் மருந்துப் பிரிவுக்கும் ஆள் எடுக்கறோம். இவங்களும் வந்து பார்க்கட்டும். நீங்க திங்கட்கிழமை வந்துடுங்க.”

அவர் படியிறங்கிப் போன பிறகு ஏட்டையா தன் ஐந்தாம் நம்பருக்குப் போய் டபுள் கிளிக்கைத் தொடர்ந்தார். ஃபோல்டர் திறக்கவில்லை.

பெயிண்டர் இன்னும் ஹெல்மெட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். “பாப்பா” என்றான். “நான் ஏதோ கோபத்துல, சாயங்காலம் வீட்டுல…”

பாப்பா அவன் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது என்கிட்டயே இருக்கட்டும்ணே. சாயங்காலம் நான் வீட்டுக்கு வர்றப்போ எடுத்துட்டு வர்றேன்.”

“ஹெல்மெட் இல்லாம நான் எப்படி வண்டி ஓட்டுறது?”

“தள்ளிக்கிட்டே போ” என்றாள் பாப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பி, முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தாள்.