தாராளமா வச்சுக்கோங்க

வெள்ளத்தில் மிதந்த பஸ்ஸில், படியில் தொற்றிக்கொண்டு வந்த மீன்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஒரே கண்டக்டர் இந்த உலகத்திலேயே தாம் ஒருவர்தான் என்று அவர் அறிவித்தபோது, சுற்றுலா வேன் இன்னும் நகரவே ஆரம்பிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆனாலும் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், வாய் தானாக விசில் ஊதிவிடும். அன்றைக்கு விரால் மீன்கள் ஒழுங்காக வரிசையில் வந்தனவாம். கெண்டைகள்தான் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினவாம். ஒரு முதலை மட்டும் பாஸ் வைத்திருந்ததாம். பாலத்துக்கு மேலேயே பஸ் மிதந்து போய், ஒரு பயணியின் செருப்புகூட நனையாமல் ஊர் சேர்ந்ததாம்.

“அன்னிக்கு வண்டி டிப்போவை விட்டே வெளிய வரல” என்றாள் அவர் மனைவி, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

வேன் முழுக்கச் சிரித்தது. அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அவள் அதே டிப்போவின் ஆபீசில் வேலை பார்த்தவள். எந்த வண்டி எங்கே நின்றது, எது நகர்ந்தது என்பதெல்லாம் அவள் விரல்நுனியில். அவர் யானை என்றால் அவள் பூனை என்பாள். போய்ப் பார்த்தால் பூனைகூட இருக்காது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பியதில்லை. அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. இவள் கீழே நூலைப் பிடித்திருக்கிற தைரியத்தில்தான் அவர் பட்டத்தை அவ்வளவு உயரம் விட்டார். கதையின் நடுவே அவள் வெட்டுவதற்கென்றே ஓர் இடைவெளி விட்டு நிறுத்துவார். அவள் வெட்டாத கதை அவருக்கே உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

அரை நாள் சுற்றுலா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டு, இருட்டுவதற்குள் கோட்டைச் சுவர், பீரங்கி மேடு, பழைய சுங்கச்சாவடி, கப்பல்காரர் வீடு, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். வழிகாட்டி ஒரு சிவப்புக் குடைக்காரப் பெண். ஒவ்வோர் இடத்திலும் பார்த்து முடித்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல எல்லாரையும் சேர்ந்து “போயிட்டு வரோம்” என்று சொல்லவைப்பாள். கோட்டைக்குச் சொன்னார்கள். பீரங்கிக்குச் சொன்னார்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டிய பருத்த மனிதர் ஒருவர் சுங்கச்சாவடிக்குக் கையே ஆட்டினார்.

கப்பல்காரர் வீட்டு வாசலில் மட்டும் அவள் குடையை மடக்கிக்கொண்டாள். குரலும் மடங்கிவிட்டது.

விருந்தோம்பலுக்குப் பேர்போன வீடாம் அது. வந்தவர்களை லேசில் விடமாட்டார்களாம். ஒரு வருஷம் போன கப்பல் திரும்பவில்லை. வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பின்கட்டுப் படிகளில் இறங்கித் தண்ணீரைப் பார்க்கப் போனார்கள், அவ்வளவுதான். “அதனால இங்க மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வராதீங்க. பார்த்தோமா, பேசாம வந்தோமான்னு இருக்கணும்” என்றாள். சாயங்காலம் தண்ணீர் ஏறிக் கூடத்துக்கே வந்துவிடும், அதற்குள் பூட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

“உங்க கட்சி ஆளு போலிருக்கு” என்று மனைவி அவர் காதில் சொன்னாள்.

உள்ளே, வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வர அதற்கே இஷ்டமில்லாத மாதிரி. பல தலைமுறை மழையைக் குடித்துவிட்டு இன்னும் விழுங்காமல் வாயில் வைத்திருப்பது போலச் சுவர்கள் ஊறிப்போயிருந்தன. சுண்ணாம்பும் துருவும் படகின் அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் பாசியும் கலந்த ஒரு வாடை மூக்கில் நுழைந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. காலுக்குக் கீழே, கல் பாவிய தரைக்கும் கீழே, தண்ணீர் சளக் சளக் என்று மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. யாரோ நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டு மெல்லுவது போல.

கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியேறியது. மனைவி மட்டும் பின்கட்டுப் படிகளில் பாதி இறங்கி, சுவரில் தெரிந்த தண்ணீர்த் தடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது வெறும் பெயின்ட் என்று நிரூபித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவர் கூப்பிட்டார். “வரேன், நீங்க போங்க” என்றாள்.

திரும்பியபோதுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். வயசானவள். போர்த்திய துணி. தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி, இவருக்கு முதுகைக் காட்டி. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவாக இருக்கும் என்று நினைத்தார். சொல்லக் கூடாது என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க அவர் நாக்கு என்ன அரசாங்க நாக்கா?

“அப்ப நாங்க வரட்டுமாம்மா?”

அவள் திரும்பவில்லை. “அதுக்குள்ளயா? இருந்துட்டுப் போகலாமே” என்றாள். எந்த வீட்டிலும் கேட்கிற உபசாரம். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

வேன் காத்திருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவரும் வழக்கமான பதிலைச் சொன்னார்.

“அப்ப அவங்களையாவது விட்டுட்டுப் போங்களேன்.”

இந்தப் பேச்சுக்கு எல்லாப் புருஷன்மாரும் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பார்கள். கண்டக்டரும் அதை எத்தனையோ கல்யாண வீட்டு வாசல்களில் சொல்லிச் சிரிப்பு வாங்கியவர்தான். யோசிக்கவே இல்லை, அது தானாக வந்து விழுந்தது.

“தாராளமா வச்சுக்கோங்க. எனக்கும் கொஞ்ச நாள் காது ஓயும்.”

“சரி.”

பெஞ்சிலிருந்து வரவில்லை அந்த ‘சரி’. தரைக்குக் கீழேயிருந்து வந்தது. ஒரு குரலாகவும் இல்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வாசலுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வெயில் முகத்தில் பட்டதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நல்லவேளை, மனைவி பின்னாலேயே வந்துவிட்டாள். வழிகாட்டிப் பெண் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைத் தொங்கவிட்டாள்.

கலங்கரை விளக்கத்தடியில் காகிதக் கோப்பைகளில் டீ கொடுத்தார்கள். கடல் காற்று, சிரிப்பு, மனுஷ வாடை. உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது. கேமராக்காரரைப் பிடித்துக்கொண்டார். வாலிப வயசில் இதே விளக்கின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்ததால், மேலே ஏறிப் போய் ஒரே ஊதில் அணைத்துவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம் போல இடைவெளி விட்டார்.

இடைவெளி அப்படியே கிடந்தது.

பிறகு அவள் சொன்னாள். “ஆமா. அணைச்சாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்து, படி இல்லாமல் போன மாதிரி இருந்தது.

அவள் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். சர்க்கரை போட்ட டீ. அவளுக்குச் சர்க்கரை ஆகாது. உனக்குச் சர்க்கரை போட்டால்தான் பிடிக்கும் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். ஆமா என்றாள். கோப்பையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. கொதிக்கக் கொதிக்கக் குடித்திருக்கிறாள். உதடு சிவக்கவில்லை.

அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசும்போது அவள் உதடுகளும் லேசாக அசைந்தன. கொஞ்சம் தாமதமாக.

அவர்களுக்கு இருப்பது ஒரே பையன்.

“நம்ம ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஏதாவது வாங்கிட்டுப் போகணும்” என்றார்.

“ஆமா. ரெண்டும் நல்லா இருக்குதுங்க.”

படகின் அடிப்பலகை வாடை. அவள் பக்கமிருந்து.

கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்டார்.

“நீ என் பொண்டாட்டிதானே?”

“ஆமா.”

அதே ஆமா. அதே அளவு.

அவர் கோப்பையைப் போட்டுவிட்டு வழிகாட்டிப் பெண்ணிடம் ஓடினார். என் மனைவி அந்த வீட்டுக்குள் இருக்கிறாள், தண்ணீர் ஏறுவதற்குள் திறந்துவிடு என்று கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிட்டார். அவள் குடையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதலைக்குப் பாஸ் கொடுத்த மனுஷன் அழுதால்கூட அது அடுத்த காட்சிதானே. அம்மா இதோ நிற்கிறார்களே என்றார் கேமராக்காரர். ஆமா, இதோ நிக்கிறேன் என்றாள் அவள்.

அவர் ஓடினார். அந்த வயசில், அந்த முழங்காலோடு, கரையோரக் கல்பாதையில். வெயில் வற்றிக்கொண்டிருந்தது. வழி நெடுகத் தண்ணீர் கரைச் சுவரில் மேலே மேலே வந்துகொண்டிருந்தது, அலையில்லாமல், அவசரமில்லாமல். பின்னால் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்துகொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. அதோடு ஒரு செருப்புச் சத்தம். ஓடாமல், பின்தங்காமல்.

கதவில் பூட்டு. பக்கச் சுவரில், சரக்கு இறக்குவதற்காக வைத்த பெரிய ஜன்னல். கம்பி கிடையாது. மரக்கதவு; உள்ளே கொக்கி. இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே தண்ணீர் நடமாடுவது கேட்டது.

“யாரு?”

அவள்தான். அந்த எரிச்சல். அந்தச் சந்தேகம். உலகத்தில் வேறு யாருக்கும் வராத அந்தக் குரல். அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நான்தாம்மா. கொக்கியை எடு, வெளிய வந்துடு.”

“இப்பதான் ஒருத்தர் படிப் பக்கம் நின்னு இதே குரல்ல கூப்பிட்டாரு. கையை நீட்டினேன். அவர் கையில விரலே இல்லாத மாதிரி இருந்துச்சு.” அவள் குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி அவர் கேட்டதே இல்லை. “நீங்க அவர்தான்னா, அன்னிக்கு வெள்ளத்துல வண்டி எங்க இருந்துச்சு, சொல்லுங்க.”

அவர் நெற்றியை மரக்கதவில் வைத்தார். பின்னால் கூட்டம் வந்து நின்றுவிட்டது. அவர்கள் காதில் விழுந்தாலும் சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மீன்கூட இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“டிப்போவுலதாம்மா. வெளியவே வரல.”

கொக்கி அசைந்தது. பாதியில் நின்றது.

உள்ளே ஏறும் தண்ணீர்.

“இல்ல” என்றாள் அவள் மெதுவாக. “அவர் செத்தாலும் அதை ஒத்துக்கமாட்டாரு.”

கொக்கி பழையபடி விழுந்தது.

அப்போது உள்ளேயிருந்து, படிப் பக்கமிருந்து, இன்னொரு குரல். இவருடைய குரல். அதே இழுவை, அதே குஷி. பாலத்துக்கு மேலே மிதந்தோமே, விரால் எல்லாம் வரிசையில் வந்ததே, கெண்டைதான் இடித்துத் தள்ளியதே என்று ஆரம்பித்து, நடுவில், சரியாக அவர் நிறுத்துகிற இடத்தில், இடைவெளி விட்டது.

அவள் சிரித்தாள். உயிர் வந்த சிரிப்பு.

“புளுகாதீங்க, கண்டக்டரே. இருங்க, வரேன்.”

அவர் கத்தினார். மிதந்துச்சு, மிதந்துச்சு என்று கத்தினார். மீனுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தேன் என்று கத்தினார். கதவில் அடித்த கையில் ரத்தம் வந்தது. உள்ளே அவள் காலடி தண்ணீரை அளைந்துகொண்டு தள்ளிப் போனது. ஒரு படி. இன்னொரு படி. அப்புறம் படிச் சத்தம் இல்லை. தண்ணீர் மட்டும், மறுபடியும் மெல்ல ஆரம்பித்தது.

பின்னால் கூட்டம் கைதட்டியது. இப்படி ஒரு நடிப்பைத் தன் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று கேமராக்காரர் படமெடுத்தார். பிறகு கண்டக்டர் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, மதியத்திலிருந்து நீங்கள் ஒருத்தர்தான் நம்பவில்லை, உண்மையைச் சொல்லுங்கள் அம்மா, அந்த பஸ் மிதந்ததா இல்லையா என்று கேட்டார்.

அவள் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் விரல்கள் தட்டுப்படவில்லை.

“ஆமா, மிதந்துச்சு” என்றாள், அவர் வாயைப் பார்த்தபடியே. “கீழேயிருந்து பிடிச்சிட்டிருந்தது நாங்கதான்.”