பள்ளத்துக் கட்லாவின் விந்து

உறைவிலிருந்து எடுத்த மீன்விந்து தண்ணீர் பட்டதும் ஒரு நிமிடம் துடிக்கும், பிறகு அடங்கிவிடும். ஆறு வருடமாக பூர்ணிமா நுண்ணோக்கியில் பார்த்துவருவது இதைத்தான். அன்று காலை அவள் சொட்டு வைத்துவிட்டு எழுந்துபோய், டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோதும் கண்ணாடித் தகட்டில் அத்தனையும் நெளிந்துகொண்டிருந்தன.

விருத்தாசலத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் பீங்கான் பொம்மை சுட்ட கூடத்தைத்தான் தர்மராஜ் மீன்குஞ்சுப் பண்ணையாக மாற்றியிருந்தார். களிமண் தோண்டிய பழைய பள்ளம் ஒன்றில் போன மாதம் அந்த விந்துக்குரிய ஆண் கட்லா மீன் வலையில் ஏறியது. இருபது கிலோவுக்குக் குறையாது. வயிற்றைப் பிதுக்கினால் பால்போல் வரவேண்டியது, சாம்பல் நிறத்தில், சீழ்போல் இழுபட்டு வந்தது. கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் சூடு உறைத்தது. மீன் உடம்பில் ஏது சூடு? அவள் அதைக் கொட்டிவிடத்தான் பார்த்தாள். இப்படியொரு ஆண் இனிக் கிடைக்காது என்று தர்மராஜ் நச்சரித்ததால்தான் மெல்லிய குழல்களில் அடைத்து, திரவ நைட்ரஜன் கேனுக்குள் இறக்கினாள்.

இன்று தாய்மீன் முட்டைக்குத் தயாராக இருந்தது. எடுத்த முட்டை சில நிமிடங்களில் வீணாகிவிடும். திட்டக்குடி போயிருந்த தர்மராஜுக்குப் போன் போட்டு, அந்த விந்தின் நாற்றம் சரியில்லை, வேறு ஆணின் குழலை எடுக்கிறேன் என்றாள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நகருதா இல்லியா? நகருதுன்னா ஊத்தும்மா."

பண்ணையாள் கொளஞ்சியப்பன் தாய்மீனைத் துணியில் பிடித்துக்கொள்ள, அவள் வயிற்றை வழித்துத் தட்டில் முட்டையை இறக்கினாள். குழல்களை வெந்நீரில் காட்டி, நுனியைக் கத்தரித்து ஊற்றி, கோழி இறகால் கலக்கினாள். எப்போதும் ஜவ்வரிசிபோல் வழுக்கி ஓடும் முட்டைகள் இன்று இறகைப் பற்றி இழுத்தன. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் பால் புளித்துக் கிடக்கும் வாடை எழுந்தது, அதற்கடியில் மனித வியர்வை. கையுறை கிழிந்திருந்ததை அவள் பிறகுதான் கண்டாள். நகக்கண்ணில் கொழகொழவென்று ஏதோ ஏறியிருந்தது. சோப்பு போட்டாள். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். போகவில்லை. வெதுவெதுவென்று அங்கேயே இருந்தது.

பொரிப்பு ஜாடிக்குள் தண்ணீர் கீழிருந்து மேலே பீய்ச்சி, தட்டிலிருந்து மாற்றிய முட்டைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மறுநாள்தான் உள்ளே கருப்பாகக் கண் தெரியத் தொடங்கும். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கரும்புள்ளி.

அவள் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டே, ஜாடியைத் திறந்து சாக்கடையில் விட்டுவிடச் சொன்னாள். சாரிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். கொளஞ்சியப்பன் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். தண்ணீர் கொட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை.

உள்ளே போனாள். அவர் குழாய்த் திருகில் கை வைத்தபடி குனிந்திருந்தார். திருகவில்லை.

"ஏம்மா," என்றார், திரும்பாமலே. "மீனுக்கு இமை இருக்குதா?"

"கெடயாதுண்ணே. ஏன்?"

அவர் திருகை விட்டுவிட்டார். பின்னுக்கு நகர்ந்தார். சுவரில் முதுகு முட்டும்வரை நகர்ந்தார்.

அவள் கிட்டே போனாள். தண்ணீர் சுழன்றுகொண்டுதான் இருந்தது. முட்டைகள் சுழலவில்லை. பீய்ச்சும் நீரில், அசையாமல், அடுக்கடுக்காக நின்றன. லட்சம் முட்டைகள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

அவள் பக்கம்.

ஒவ்வொரு கண்ணின் மேலும் இளஞ்சிவப்பாய் ஒரு தோல் மடிப்பு. ஓரத்தில் பீளை. அந்த மடிப்பு மெல்ல இறங்கியது. ஜாடி முழுக்க. ஒரே நேரத்தில். மூடியது.

திறந்தது.