மூன்று பதினேழு

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணணுமாம் மேடம். இல்லைன்னா வீட்டுக்காரர் போலீஸுக்குப் போவாராம்."

பிரிஜட் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். தூத்துக்குடியிலிருந்து வந்து நான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருப்பவள். திருட்டுப் புகாரில் பெயர் அடிபட்டால் வேலை அனுமதி என்ன ஆகுமோ என்ற பயத்தில் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையின் மாடியறை அது. எதிரே அமர்ந்திருந்த விசாலாட்சி போலீஸில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது தனியாகத் துப்பறிபவர். அவருடைய உதவியாளர் தனசேகரன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். குறிப்பேட்டை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் விசாலாட்சி.

புக்கிட் பாத்தோக்கில் சுந்தரேசன் வீட்டில் ஓர் அறையில் பிரிஜட் வாடகைக்கு இருந்தாள். ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருந்தது. தம்பி மகனுக்குக் கல்யாணம், அறை வேண்டும் என்று அவர் கேட்டார். பிரிஜட் மறுத்தாள். அன்றிலிருந்து தொல்லை. குளிக்கும்போது வெந்நீர் நின்றுவிடும். அவள் இல்லாத நேரத்தில் அறைக்குள் யாரோ நடமாடிய தடம் தெரியும்.

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு முழிச்சா ஃபேன் ஓடலை. என் ரூமுக்கு மட்டும் கரண்ட் இல்லை. கேட்டா, வயரிங் போச்சு, வியாழக்கிழமை ஆள் வருவான்னார். இன்னிக்குப் புதன். இன்னும் கரண்ட் வரலை. போனை டியூட்டியிலதான் சார்ஜ் பண்றேன்."

"நகை எப்போ காணாமப் போச்சு?"

"நேத்து. வீட்டுக்காரம்மா பூவம்மா ஆன்ட்டியோட அட்டிகை. மூணு மணி வாக்குல சுந்தரேசன் அங்கிள் என் ரூமைத் தேடினாராம். என் கட்டில்ல அட்டிகையோட வெறும் பெட்டி இருந்துச்சாம். நான் டியூட்டியில இருந்தேன். இந்தப் படத்தை அனுப்பினார்."

படத்தில் நீல வெல்வெட் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. பின்னால் தலையணை, ஸ்டூலில் அவளுடைய மின்கடிகாரம், சிவப்பு எண்களில் 3:17. கீழே சுந்தரேசன் எழுதியிருந்தார்: 'மணியோட சாட்சி இருக்கு. இனி நீ தப்ப முடியாது.'

"மேடம், அந்தம்மாவே ஒளிச்சு வெச்சிருப்பாங்க லா!" என்றார் தனசேகரன்.

விசாலாட்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கடைசியா அட்டிகையை எப்போ பார்த்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை. தெம்பனிஸ்ல சொந்தக்காரங்க கல்யாணம். ஆன்ட்டி காலையிலேயே போட்டுக்கிட்டுப் போனாங்க, நைட்டுதான் வந்தாங்க. அங்கிள் முதுகுவலின்னு வீட்டுலயே இருந்துட்டார். நான் அன்னைக்கும் டியூட்டி."

"சாயங்காலம் அங்க போவோம்," என்று எழுந்தார் விசாலாட்சி.

கதவைத் திறந்த சுந்தரேசனின் முகம் சிவந்தது. "ஆள் வேற கூட்டிட்டு வந்துட்டியா? இப்பவே போலீஸைக் கூப்பிடுறேன்!"

சோபாவில் பூவம்மா வெறும் கழுத்துடன், அழுது வீங்கிய கண்களுடன் இருந்தார். பிரிஜட்டை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

"தாராளமா கூப்பிடுங்க," என்றார் விசாலாட்சி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தப் படம் நேத்து எடுத்ததா?"

"ஆமா. நேத்து மூணு பதினேழு. மணிதான் தெரியுதே!"

"பிரிஜட் ரூமுக்குக் கரண்ட்?"

"திங்கக்கிழமையிலேருந்து இல்லை. வயரிங் கெட்டுப்போச்சு."

"தனசேகர், மின்பெட்டியைப் பாருங்க."

தனசேகரன் கதவருகே இருந்த பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு சுவிட்சு கீழே இறங்கியிருந்தது. மேலே தள்ளினார். உள்ளே பிரிஜட்டின் மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. எல்லோரும் அறை வாசலுக்குப் போனார்கள். கடிகாரம் 12:00 என்று விட்டு விட்டு மின்னியது.

"பிளக்குல ஓடுற கடிகாரம்," என்றார் விசாலாட்சி. "கரண்ட் இல்லாம நேத்து இது இருட்டாதான் இருந்திருக்கும். படம் எடுக்கன்னு நீங்களே சுவிட்சைப் போட்டிருந்தாலும் இப்படித்தான் மின்னியிருக்கும். மூணு பதினேழு காட்டணும்னா, படம் திங்கக்கிழமைக்கு முன்னாடியே எடுத்ததா இருக்கணும்."

சுந்தரேசன் பிரிஜட் பக்கம் கையை நீட்டினார். "முன்னாடின்னா... அப்பவே இவ திருடியிருப்பா!"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் அட்டிகை உங்க மனைவி கழுத்துல இருந்துச்சு. அதனாலதான் அன்னைக்கு மதியம் பெட்டி காலியா இருந்துச்சு. வீட்டுல நீங்க மட்டும். பெட்டியை அவ கட்டில்ல வெச்சுப் படம் பிடிச்சீங்க. நேத்து அட்டிகையை மறைச்சீங்க. கரண்டையும் கட் பண்ணா அவ சீக்கிரம் ஓடிடுவான்னு நினைச்சீங்க. அந்தக் கடிகாரத்தை யோசிக்கலை."

பூவம்மா மெல்ல நகர்ந்து வந்து கணவர்முன் கையை நீட்டினார்.

"போனைக் கொடுங்க. என்னைக்கு எடுத்ததுன்னு போட்டிருக்கும்ல, நான் பார்க்கணும்."

சுந்தரேசன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். பூவம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எங்க வெச்சீங்க?"

"கார்ல," என்றார் சுந்தரேசன். "அந்தப் பையனுக்கு ரூம் தரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன் பூவு..." பிறகு பிரிஜட் பக்கம் திரும்பினார். "ஏழு மாசமும் நீ இருந்துக்கோமா. இதைப் பெருசாக்க வேண்டாம்."

பிரிஜட் மின்பெட்டியைப் பார்த்தாள். இரண்டு இரவு வியர்வையில் புரண்டது, அறையைப் பூட்டிவிட்டும் பயந்தது, இனி ஊருக்கே திரும்ப வேண்டியதுதான் என்று அம்மாவிடம் போனில் அழுதது எல்லாம் நினைவுக்கு வந்தன.

"இல்லை அங்கிள். நான் போலீஸ்ல சொல்லப் போறேன்."

அவள் வாசலுக்கு வந்து காலணியை மாட்டும்போது பின்னால் காலடி கேட்டது. பூவம்மா கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இரு பிரிஜட்," என்றார். "நகை என்னோடது. நானும் வந்து சொல்றேன்."